நிரப்பக் கூடாத வரிகள்

எங்கள் விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எழும் வாதங்களுக்குக் கணக்கில்லை. அரசியலில் தொடங்கினால் சினிமாவில் முடியும். சினிமாவில் தொடங்கினால் கிரிக்கெட்டில் முடியும். சென்ற மாதம் ஒரு நாள் கிரிக்கெட்டில் தொடங்கி அங்கேயே நின்றுவிட்டது. காரணம் ஒரு நண்பர் சொன்ன ஒரு சிறு சொல். "போர் மட்டும் வராதிருந்தால்!" என்றார் அவர். 1938ஆம் ஆண்டுக்கும் 1946ஆம் ஆண்டுக்கும் இடையே பிராட்மன் ஒரு டெஸ்டும் ஆடவில்லை. 1936க்கும் 1946க்கும் இடையே இந்தியா ஒரு டெஸ்டும் ஆடவில்லை. விஜய் மெர்ச்சன்ட் போன்ற ஒரு மேதைக்கு வாழ்நாள் முழுவதிலும் கிடைத்தவை பத்தே டெஸ்டுகள். இவற்றையெல்லாம் அடுக்கிச் சொல்லி, "போர் மட்டும் வராதிருந்தால் இவர்கள் கணக்கு எங்கே போய் நின்றிருக்கும்?" என்று கேட்டார் நண்பர். உடனே நாலைந்து பேர் காகிதமும் பென்சிலும் எடுத்தார்கள். அரை மணி நேரத்தில் பிராட்மனுக்குச் சில ஆயிரம் ஓட்டங்கள் இனாமாகக் கிடைத்துவிட்டன.

பென்சில் எடுத்தவர்களில் நானும் ஒருவன். அதை ஒப்புக்கொண்டுதான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டும். ஆனால் அறைக்குத் திரும்பி விளக்கை அணைத்த பின் மனம் ஒப்பவில்லை. ஆய்வுக்கூடத்தில் அளக்காத ஒரு புள்ளியை வரைபடத்தில் அளந்ததுபோல் குறித்தால் அதற்கு என்ன பெயர் என்று நமக்குத் தெரியும். விளையாட்டில் மட்டும் அதே காரியத்துக்கு மரியாதை என்று பெயர் வைக்கிறோமே, இது சரிதானா? இந்தக் கேள்வியை ஆராய எனக்கு உதவியவர் கிரிக்கெட் வீரர் அல்லர். அவர் அமெரிக்காவின் பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ்.

பேஸ்பால் நம்மவர்களுக்குப் பழக்கமில்லாத ஆட்டம். அதனால் இரண்டு செய்திகளை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். களத்தில் நிற்கும் ஒன்பது பேரில் மூவர் வெகு தொலைவில், எல்லையை ஒட்டி நின்று உயர்ந்து வரும் பந்துகளைப் பிடிப்பவர்கள். அவர்களை அவுட்ஃபீல்டர் என்பார்கள். வில்லியம்ஸ் ஆடிய காலத்தில் மட்டை பிடிக்கும் முறை வரும்போது எல்லாரும் அடிக்க வேண்டியிருந்தது. பந்தை அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் தளத்தை அடைந்தால் அது ஒரு 'ஹிட்'. பத்து முறைக்கு மூன்று ஹிட் எடுப்பவர் தேர்ந்த ஆட்டக்காரர். பத்துக்கு நான்கு எடுப்பவர் தலைமுறைக்கு ஒருவர்கூட அகப்படுவது அரிது. இந்த விகிதத்தைத் தசமத்தில் எழுதுவது அங்கே வழக்கம். 0.300 என்றால் நல்ல ஆட்டம், 0.400 என்றால் மலையுச்சி.

வில்லியம்ஸ் 1918ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில் பிறந்தவர். 1939இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு முதல் அந்த அணியின் இடப்பக்கத்து அவுட்ஃபீல்டர் அவரே. 1941ஆம் ஆண்டில் அவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் தெரிந்துகொண்டால் போதும், மனிதரைப் புரிந்துகொள்ளலாம்.

அவ்வாண்டு செப்டம்பர் 28. ஆட்டப் பருவத்தின் கடைசி நாள். பிலடெல்ஃபியாவில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். அன்று காலை அவருடைய சராசரி 0.39955. மூன்று தசம இடங்களுக்குச் சுருக்கினால் அது 0.400 ஆகிவிடும், ஏட்டில் அப்படியே ஏறிவிடும். அன்று அவர் ஆடாமல் உட்கார்ந்திருந்தால் போதும். அணித் தலைவர் ஜோ குரோனின் அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுக்கவும் செய்தார். வில்லியம்ஸ் மறுத்துவிட்டார். இரண்டு ஆட்டங்களிலும் இறங்கினார். எட்டு முறைக்கு ஆறு ஹிட் எடுத்தார். பருவக் கணக்கு 456 முறைக்கு 185 ஹிட் என்று முடிந்தது. சராசரி 0.406. அன்று முதல் இன்று வரை அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் ஒரு முழுப் பருவத்தில் 0.400ஐத் தொட்டவர் வேறு எவரும் இல்லை. அப்போது அவருக்கு வயது 23. நம்மில் பலருடைய வயது.

நண்பர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். கணிதம் கொடுத்த ஒரு சலுகையை, அடிக்காத ஓர் அடியின் பலனை, வேண்டாம் என்று தள்ளிய மனிதர் அவர்.

பத்து வாரங்களில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. அமெரிக்கா போரில் இறங்கியது. வில்லியம்ஸின் பெற்றோர் பிரிந்து வாழ்ந்தனர். தாயைக் காப்பாற்றும் பொறுப்பு அவர்மேல் இருந்தது. அதைக் காட்டி இராணுவ அழைப்பிலிருந்து விலக்குப் பெற்றார். சட்டப்படி அது முறையான விலக்குத்தான். ஆனால் பத்திரிகைகள் விடவில்லை. நாடே போருக்குப் புறப்படும் போது இவர் மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே என்று தூற்றின. 1942 மே மாதம் அவர் கடற்படைச் சேமப் படையில் தாமாகவே பெயரைப் பதிந்தார். அந்தப் பருவத்தை மட்டும் ஆடி முடித்தார். சராசரி 0.356, ஹோம் ரன் 36, அவர் அடித்ததனால் அணிக்குக் கிடைத்த ஓட்டங்கள் 137. மூன்றிலும் அவருடைய லீகில் அவரே முதல்வர். அதன் பின் சீருடை அணிந்து விமானப் பயிற்சிக்குப் போனார். 1943, 1944, 1945 ஆகிய மூன்று பருவங்கள் முழுவதும் போயின. விமானியானார், ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் பிறருக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். போர்முனைக்கு அவர் போகுமுன் போரே முடிந்துவிட்டது. 1946இல் திரும்பி வந்தார். அந்த ஆண்டே லீகின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டம் பெற்றார்.

இத்துடன் முடிந்திருந்தால் கதை சிறியது. ஆனால் சேமப் படைப் பட்டியலில் அவர் பெயர் நின்றுகொண்டே இருந்தது. 1950இல் கொரியாவில் போர் மூண்டது. பயிற்சி பெற்ற விமானிகள் தேவைப்பட்டனர். 1952இல், 33 வயதில், அவரை மறுபடியும் அழைத்தார்கள். அந்தப் பருவத்தில் ஆறே ஆட்டங்கள் ஆடினார். ஏப்ரல் 30ஆம் நாள், புறப்படுமுன் கடைசி முறை மட்டை பிடித்தபோது ஒரு ஹோம் ரன் அடித்துவிட்டுப் போனார். இம்முறை போர்முனையே கிடைத்தது. மரைன் படையின் ஜெட் விமானத்தில் 39 முறை போருக்குப் பறந்தார். அவற்றில் பலவற்றில் அவருடன் பறந்தவர் ஜான் கிளென். 1962இல் பூமியைச் சுற்றி வந்த முதல் அமெரிக்கர் ஆனவர். 1953 பிப்ரவரி 16 அன்று வில்லியம்ஸின் விமானம் குண்டடிபட்டது. வானொலி செத்துவிட்டது, சக்கரங்கள் இறங்கவில்லை. விமானத்தின் வயிறு தரையில் உராய்ந்து தீப்பொறி பறக்க, ஓடுபாதை நெடுகச் சறுக்கிச் சென்று நின்றது. எரியும் விமானத்திலிருந்து வெளியே குதித்து ஓடி உயிர் தப்பினார். அவ்வாண்டுக் கோடையில், காது நோயுடன் தாயகம் திரும்பினார். எஞ்சியிருந்த பருவத்தில் 37 ஆட்டங்கள் ஆடினார். சராசரி 0.407!

1960 செப்டம்பர் 28 அன்று, அதாவது 0.406 எடுத்த அதே தேதியில், 19 ஆண்டுகள் கழித்து, தம் 42ஆம் வயதில் கடைசி முறையாக மட்டை பிடித்தார். அதிலும் ஒரு ஹோம் ரன். ஏட்டில் அவருடைய மொத்தக் கணக்கு: ஹோம் ரன் 521, சராசரி 0.344.

இனி நம் பென்சிலுக்கு வருவோம். பேப் ரூத் அடித்த ஹோம் ரன்கள் 714. போர் மட்டும் குறுக்கிடாதிருந்தால் வில்லியம்ஸ் அதைத் தாண்டியிருப்பாரா? அமெரிக்காவில் இதைக் கேட்காத பேஸ்பால் ரசிகர் இல்லை எனலாம். நானும் போட்டுப் பார்த்தேன். போருக்கு முந்திய 1942இல் 36. பிந்திய 1946இல் 38. சராசரி 37. மூன்று பருவங்களுக்கு 111. கொரியாவுக்கு முந்திய 1951இல் 30. பிந்திய 1954இல் 29. இரண்டு பருவங்களுக்கு 59. அவ்விரு பருவங்களிலும் உள்ளபடியே அடித்த 14ஐக் கழித்தால் 45. ஆக 521, 111, 45. கூட்டினால் 677. ரூத்துக்கு 37 குறைவு.

"பார்த்தீர்களா, தாண்டியிருக்க மாட்டார்!" என்று சொல்லிப் பென்சிலைக் கீழே வைக்கலாம். ஆனால் எனக்கு வேறு ஆசை இருந்தால்? 1949இல் அவர் 43 அடித்தாரே, அதுவன்றோ அவருடைய உண்மையான திறமை என்று சொல்லிக்கொண்டு ஐந்து பருவங்களுக்கும் 43 வீதம் போட்டால் 215. பதினான்கைக் கழித்தால் 201. மொத்தம் 722. ரூத்தைவிட எட்டு அதிகம்! பென்சில் ஒன்றுதான், ஆட்டக்காரர் ஒருவர்தான். விடை மட்டும் என் விருப்பத்துக்கு வளைந்து கொடுக்கிறது. விரும்பியவனுக்கு விரும்பிய விடையைத் தரும் கணக்கை விஞ்ஞான மாணவர்கள் கணக்கு என்று ஏற்கலாமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றார்கள் நம் பெரியோர். இந்தச் சுரைக்காய் ஏட்டிலும் இல்லை. ஏட்டின் ஓரத்தில் நாமே கிறுக்கியது.

இன்னும் கொஞ்சம் ஆழமாகப் பார்ப்போம். 1950இல் ஓர் ஆட்டத்தில் சுவரில் மோதி வில்லியம்ஸின் முழங்கை எலும்பு முறிந்தது. அந்தப் பருவத்தில் 89 ஆட்டங்களே ஆட முடிந்தது. 1954இல் பயிற்சியின் முதல் நாளே தோள் எலும்பு முறிந்தது. உண்மையான வாழ்க்கையில் எலும்பு முறியும். நாம் போடும் கணக்கில் மட்டும் எலும்பு முறிவதே இல்லை. 1943இல் அவர் சுவரில் மோதியிருக்க மாட்டார் என்று நமக்கு யார் சொன்னார்கள்?

மேலும், "போர் மட்டும் வராதிருந்தால்" என்று சொல்லும்போது நாம் எதை நீக்குகிறோம்? வில்லியம்ஸுக்கு வந்த அழைப்பை மட்டுமா? போரையேயா? அழைப்பை மட்டும் நீக்கினால், அவர் 1943இல் ஆடும் லீக் எது? பந்து வீசும் வீரர்களில் வல்லவர்கள் பலர் படைக்குப் போய்விட்ட லீக். நல்ல ரப்பர் போர்க் கருவிகளுக்குப் போய்விட்டதனால், 'பலாட்டா' என்னும் மரப்பாலை உள்ளே வைத்துச் செய்த பந்தை அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் ஆட்டத்துக்குக் கொடுத்தார்கள். அது எழும்பாத பந்து. ஓட்டங்கள் வற்றிப்போய்ச் சில வாரங்களில் அதை மாற்ற வேண்டியதாயிற்று. வலுக் குறைந்த பந்துவீச்சு, எழும்பாத பந்து: ஒன்று கூட்டும், மற்றொன்று குறைக்கும். எவ்வளவு என்று யார் சொல்வது? சரி, போரையே நீக்குவோம் என்றால் உலகத்தையே மாற்றி எழுத வேண்டும். அந்த உலகத்தில் அவர் எதிர்கொள்ளும் ஒவ்வொரு பந்தையும் நாமே வீச வேண்டும். அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்பது எளிது. அதன் பின் குடும்பத்தின் உறவு முறை முழுவதையும் மாற்றி எழுத வேண்டுமே, அதுதான் கஷ்டம்!

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. விடுதி நண்பர் அதைச் சொல்லாமல் விடவில்லை. "நீ சொல்வது தர்க்கத்துக்குச் சரி. நியாயத்துக்குச் சரியா? ஒரு நாடு ஒருவனுடைய 24ஆம் வயதையும் 25ஆம் வயதையும் 26ஆம் வயதையும் எடுத்துக்கொண்டது. 33ஆம் வயதில் வந்து மறுபடியும் எடுத்துக்கொண்டது. 727 ஆட்டங்கள் போயின. அதன் பின் அதே நாடு ஏட்டைப் புரட்டி, 'உன் எண்ணிக்கை குறைவு, கீழே நில்' என்று சொல்வது அநியாயம் அல்லவா? அந்த வரிகளை நிரப்பிக் கொடுப்பது செய்யக்கூடிய சிறு ஈடல்லவா?" என்று கேட்டார் அவர்.

அநியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் நடக்காத ஹோம் ரன்களைக் கொண்டு அதை ஈடு செய்ய முடியாது. செய்தால், ஈடு கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதி நமக்கு வந்துவிடும். அந்த நிம்மதிதான் எனக்கு அச்சமாக இருக்கிறது. போர் ஐந்து பருவங்களைத் தின்றது என்பது ஓர் உண்மை. அதன் மேல் "677" என்று எழுதி மூடிவிட்டால், தின்றது தெரியாது. கடைசி நாளில் ஒரு தசமத்தைக்கூட இனாமாகப் பெற மறுத்த மனிதருக்கு நாம் நூற்றைம்பது ஹோம் ரன்களை இனாமாகக் கொடுப்பது மரியாதையும் ஆகாது. 1949இல் அவர் சராசரி 0.34276, டெட்ராயிட் அணியின் ஜார்ஜ் கெல் சராசரி 0.34291. நாலாவது தசம இடத்தில் பட்டம் கை நழுவிற்று. அதையும் அந்த ஏடு அப்படியே வைத்திருக்கிறது. அந்த ஏடு தயை காட்டாது. அதனால்தான் அது 0.406 என்று சொன்னால் நாம் நம்புகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு; இதுவே எனக்கு முக்கியமானது. நம் பென்சில் யாருக்கு உதவுகிறது என்று பாருங்கள். திரும்பி வந்தவர்களுக்கு உதவுகிறது. திரும்பி வந்து முன்போலவே ஆடியவர்களுக்கு உதவுகிறது. இருபக்கமும் கரை இருந்தால்தானே நடுவே பாலம் போட முடியும்?

சிசில் டிராவிஸ் என்று ஒருவர். வாஷிங்டன் அணியின் ஆட்டக்காரர். வில்லியம்ஸ் 0.406 எடுத்த அதே 1941இல் இவர் சராசரி 0.359. மொத்தம் 218 ஹிட். அவ்வாண்டு வில்லியம்ஸையும் சேர்த்து வேறு எவரும் அத்தனை எடுக்கவில்லை. படைக்குப் போனார். 1944ஆம் ஆண்டுக் கடைசியில் ஐரோப்பாவில் நடந்த ஆர்டென் போரில் பனி அவர் பாதங்களைக் கடித்தது. 1945இல் திரும்பி வந்தவர் பழைய டிராவிஸ் அல்லர். 1946இல் 0.252, 1947இல் 0.216, அத்துடன் விலகிவிட்டார். பாதம் காரணமன்று, ஆட்டத்தில் கைவந்த கால அளவே தப்பிவிட்டது என்று பின்னாளில் அவரே சொன்னார். இவருக்கு நடுவே உள்ள வரிகளை எப்படி நிரப்புவது? 0.359க்கும் 0.252க்கும் சராசரி பார்த்தா?

எல்மர் கெடியன் என்று இன்னொருவர். இவரும் அவுட்ஃபீல்டர்தான், அதே வாஷிங்டன் அணி. 1939இல் ஐந்து ஆட்டங்கள் ஆடினார். 15 முறைக்கு மூன்று ஹிட். குண்டுவீச்சு விமானம் ஓட்டப் போனவர் 1944 ஏப்ரல் 20 அன்று பிரான்சின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டார். 27 வயது நிறைந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. பென்சிலை எடுத்து இவருடைய வரியை நீட்டினால் என்ன வரும்? 0.200. சுமாரான ஆட்டக்காரர் என்று வரும். ஐந்து ஆட்டங்களை வைத்து ஒரு வாழ்க்கையை முடிவு கட்டுவதா? ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெரிய லீக் வீரர்கள் அந்தப் போரில் சீருடை அணிந்தார்கள். அவர்களுள் நாம் யாருக்குக் கணக்குப் போடுகிறோம்? ஏற்கெனவே புகழின் உச்சியில் இருப்பவர்களுக்கே. உள்ளவனுக்கே மேலும் கொடுக்கும் கணக்கு இது. கெடியனின் வரியும் வில்லியம்ஸின் வரியும் ஒரே போரினால் வெறுமையாயின. இரண்டையும் வெறுமையாகவே விட்டால்தான் இருவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

அப்படியானால் ஏட்டைத் தொடவே கூடாதா? தொடலாம்; தொட வேண்டும். எப்போது என்பதை வில்லியம்ஸே காட்டியிருக்கிறார்.

1966இல் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் அளித்தார்கள். தம்மைப் பாராட்டும் மேடையில் நின்று அவர் பேசியது தம் இழந்த ஆண்டுகளைப் பற்றி அன்று. சாச்சல் பேஜ், ஜாஷ் கிப்சன் என்ற இரண்டு கறுப்பின வீரர்களின் பெயரைச் சொன்னார். வாய்ப்பு மறுக்கப்பட்டதனால் மட்டுமே இங்கே இல்லாத கறுப்பின மேதைகளின் அடையாளமாக அவ்விருவரையும் என்றேனும் இந்த மண்டபத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பேஜுக்கு 1971இலும் கிப்சனுக்கு 1972இலும் இடம் கிடைத்தது. அதற்குள் கிப்சன் இறந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. நிறத்தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் பெரிய லீகில் இறங்கியது 1947 ஏப்ரல் 15; கிப்சன் இறந்தது அதே ஆண்டு ஜனவரியில், 35ஆம் வயதில். மூன்று மாதம்கூட இடைவெளி இல்லை.

வில்லியம்ஸின் ஏட்டில் ஐந்து வரிகள் வெறுமை. கிப்சனுக்கோ அந்த ஏட்டில் பக்கமே இல்லை. தம் ஐந்து வரிகளுக்காக அழாமல், மற்றவனுக்குப் பக்கமே இல்லையே என்று சொன்னாரே, அதுதான் அன்று அந்த மேடையில் நிகழ்ந்த பெரிய காரியம்.

அதன் பின் நடந்ததையும் கேளுங்கள். 1920 முதல் 1948 வரை நடந்த கறுப்பினத்தார் லீகுகளையும் பெரிய லீகுகளாக ஏற்பதென்று 2020இல் முடிவு செய்தார்கள். 2024இல் அந்தக் கணக்குகளை அதிகாரபூர்வமான ஏட்டில் சேர்த்தார்கள். எப்படிச் சேர்த்தார்கள்? "கிப்சன் வெள்ளையர் லீகில் ஆடியிருந்தால்" என்று பென்சில் எடுத்தா? இல்லை. பழைய செய்தித்தாள்களில் அச்சான ஆட்டக் குறிப்புகளை ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் தேடித் திரட்டியிருந்தார்கள். நடந்த ஆட்டம், எடுத்த ஹிட், அவை மட்டுமே ஏறின. கிப்சன் எண்ணூறு ஹோம் ரன் அடித்தவர் என்பது வழிவழிப் பேச்சு. அதை அவர்கள் ஏற்றவில்லை. ஆதாரம் கிடைத்தவற்றை மட்டும் ஏற்றினார்கள். அது மிகவும் குறைவு. அப்படி இருந்தும் என்ன ஆயிற்று? வாழ்நாள் சராசரியில் டை காபின் 0.367ஐத் தாண்டிக் கிப்சனின் 0.372 முதலிடத்துக்கு வந்தது. ஒரு பருவச் சராசரியிலும் அவருடைய 0.466 முதலிடம் பெற்றது. அந்தப் பருவம் எது தெரியுமா? 1943. வில்லியம்ஸின் ஏட்டில் முதல் வெறுமை விழுந்த அதே ஆண்டு!

1943ஆம் ஆண்டு வரியில் நாம் வில்லியம்ஸுக்காகக் கற்பனை ஹிட்களை எழுதிக்கொண்டிருந்தோம். அதே ஆண்டில் ஒருவர் உண்மையாகவே ஹிட் எடுத்துக்கொண்டிருந்தார். அவற்றை எழுத ஏட்டில் இடம் கொடுக்கவில்லை. நடந்ததை எழுதாமல் விடுவதும், நடக்காததை எழுதி வைப்பதும் இரண்டு வேறு குற்றங்கள் போலத் தோன்றும். எனக்கு அவை ஒரே குற்றத்தின் இரண்டு கைகளாகத் தெரிகின்றன. ஆதாரம் இருந்தால் எண்பது ஆண்டு கழித்தாயினும் தேடி எடுத்து எழுதுவோம். ஆதாரம் இல்லையென்றால், எவ்வளவு பெரியவரானாலும் விட்டுவிடுவோம். ஆய்வுக்கூடத்தில் நமக்குக் கற்பிக்கப்படும் ஒழுக்கம் இவ்வளவுதான்.

ஒரு சொல்லைப் பற்றியும் பேச வேண்டும். அதுதான் 'தியாகம்'. வில்லியம்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தச் சொல்லைத் தாராளமாகத் தூவுகிறார்கள். 1942இல் அவரைத் தூற்றியதும் பத்திரிகைதான். பிறகு மாலை போட்டதும் பத்திரிகைதான். இரண்டு முறையும் உண்மை மனிதர் கண்ணில் படவில்லை. முதல் முறை தாயைக் காப்பாற்ற நினைத்த மகனைக் கோழை என்றார்கள். இரண்டாம் முறை, தாம் விரும்பாத ஓர் அழைப்புக்குக் கட்டுப்பட்டுப் போனவரைத் தாமாகவே எல்லாவற்றையும் துறந்தவர் போலக் காட்டினார்கள். கொரியாவுக்கு மறுபடி அழைத்ததில் தமக்கு ஏற்பட்ட கசப்பை அவர் மறைத்தவர் அல்லர். ஆயினும் போனார், போன இடத்தில் வேலையைச் செய்தார். எரியும் விமானத்திலிருந்து இறங்கி ஓடியவர் மறு நாளே மீண்டும் பறந்தார். கசப்பும் கடமையும் ஒரு மனிதனிடம் ஒருங்கே இருக்கலாம். தாமாகக் கொடுத்தால் தியாகம். கேட்டு வாங்கினால் அதற்கு வேறு பெயர் உண்டு. வாங்கியவர்களே அதைத் தியாகம் என்று சொல்லிக் கைதட்டும்போது, கைதட்டலின் ஓசையில் கணக்கு மறந்துபோகிறது.

நாம் இருபது இருபத்திரண்டு வயதில் இருக்கிறோம். உலகத்தில் எந்த நாட்டில் போர் மூண்டாலும் முதலில் கேட்கப்படுவது இந்த வயதுதான். கேட்பவர்கள், "பிறகு ஈடு செய்துவிடுவோம்" என்று சொல்வார்கள். இளமையின் ஓர் ஆண்டுக்கு ஈடு கிடையாது என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் டெட் வில்லியம்ஸின் ஏட்டைத் திறந்து பாருங்கள். 1942க்கும் 1946க்கும் இடையே பல பதிப்புகளில் எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் "இராணுவப் பணி" என்று மட்டும் அச்சிட்டிருப்பார்கள். அந்தச் சொற்கள் போதும். அவற்றுக்குப் பக்கத்தில் பென்சிலால் எதையும் எழுதாதீர்கள்.

விடுதி நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்படியானால் மெர்ச்சன்டின் பத்து டெஸ்டு பத்தாகவே இருக்கட்டும் என்கிறாயா?" என்றார். இருக்கட்டும் என்றேன். பத்து என்பதைப் படிக்கும் ஒவ்வொருவனும் "ஏன் பத்து?" என்று கேட்கட்டும். நாம் நாற்பது என்று நிரப்பிவிட்டால் அப்புறம் யார் கேட்பார்கள்?